மீனில்லாத தொட்டிக்குத் தீனி

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வாங்கப் போகிறவர்களில் பலர் கேட்டு வாங்கும் முதல் கடல்மீன் 'நீமோ'. ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனை 2003இல் வந்த ஓர் அனிமேஷன் படம் உலகம் முழுக்கப் பிள்ளைகளின் செல்லமாக்கிவிட்டது. கண்ணாடித் தொட்டி, பம்பு, விளக்கு, ஒரு பை உப்பு, ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பையில் இரண்டு மீன்கள் என எல்லாம் ஒரே ஆட்டோவில் வீடு வந்து சேரும். அன்று மாலையே உப்பைக் கரைத்து மீனையும் விட்டுவிடுவார்கள். தண்ணீர் பளிங்குபோல இருக்கும். நாலைந்து நாளில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வேகவேகமாகச் செவுளை அசைக்கும். தீனியைத் தொடாது. ஒரு காலையில் அடியில் கிடக்கும். நோய்பிடித்த மீனைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் மீனுக்கு நோய் இருந்திருக்காது. அதோடு சேர்ந்து வாழவேண்டிய வேறு சில உயிர்கள் அந்தத் தொட்டிக்கு இன்னும் வந்து சேர்ந்திருக்காது.

அவை அம்மோனியாவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள். கடல்நீர்த் தொட்டி வைக்கிறவர் முதலில் வளர்க்கவேண்டியது இவற்றைத்தான். அதற்கு ஒரு மாதம் ஆகும். சில தொட்டிகளில் ஒன்றரை மாதமும் ஆகும். தொட்டிக்காரர்கள் இதை 'டேங்க் சைக்கிள் ஆகிறது' என்பார்கள். அந்த நாட்களில் தொட்டியில் மீன் இருக்காது. ஆனாலும் தீனி போட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

தின்ற புரதத்தில் உடம்புக்குப் போக மிஞ்சும் நைட்ரஜனை மனித உடல் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. பெரும்பாலான மீன்களுக்கு அந்தச் சிரமம் கிடையாது. அம்மோனியாவாகவே, அதிலும் பெரும்பகுதியைச் செவுள் வழியாகவே, நீரில் விட்டுவிடும். பவளத்திட்டில் வாழும் மீனைச் சுற்றி அலை ஓயாமல் புதுநீரைக் கொண்டுவந்து கொட்டுவதால் அந்த அம்மோனியா உடனே கலைந்துபோகும். 200 லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. விட்டதையே மீன் திரும்பச் சுவாசிக்கிறது.

நன்னீர்த் தொட்டியில் தங்கமீன் வளர்த்துப் பழகியவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நீரில் கரைந்த அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று மின்னேற்றம் பெற்ற அம்மோனியம். இது அவ்வளவாகத் தீங்கு செய்யாது. மற்றது மின்னேற்றமில்லாத அம்மோனியா. இது செவுளின் மென்சவ்வைத் தாண்டி இரத்தத்துக்குள் போய்விடும். எது எவ்வளவு என்பதை நீரின் பி.எச். அளவு தீர்மானிக்கிறது. பி.எச். 7 உள்ள நன்னீரில் நஞ்சான வடிவம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருக்கும். அங்கே அது ஆறேழு சதவீதமாக ஏறிவிடும். டெஸ்ட் கிட் இரண்டு தொட்டியிலும் ஒரே எண்ணைக் காட்டும். தங்கமீன் தாங்கிக்கொள்ளும் அந்த எண்ணில் கோமாளி மீன் செத்துப்போகும்.

இந்த உண்மை தெரியாமலே மனிதர்கள் கடல் உயிர்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயப் பாதிரியார் ஒருவரின் மனைவியான அன்னா தைன் 1846இல் டார்க்கீ கடற்கரையிலிருந்து சிறு பவள உயிர்களை ஜாடியில் எடுத்துவந்தார். கடல்நீர் கெட்டுப்போகாமல் இருக்க வேலைக்காரப் பெண்ணைத் திறந்த ஜன்னலோரம் நிறுத்தி, தினமும் அரைமணி நேரத்துக்குமேல் நீரைப் பாத்திரம் விட்டுப் பாத்திரம் ஊற்றச் சொன்னார். பிறகு கடற்பாசியையும் சேர்த்துக்கொண்டார். பவளங்கள் பிழைத்தன, இனப்பெருக்கமும் செய்தன. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறந்தது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் தொட்டிகளைப் பற்றி எழுதிய நூல் பெரிய மோகத்தைக் கிளப்பிவிட்டது. செடி ஆக்சிஜன் கொடுக்கும், விலங்கு கரியமில வாயு கொடுக்கும், இரண்டும் சமமானால் தொட்டி நிலைக்கும் என்பதே அக்காலத்தவர் கணக்கு. அந்தக் கணக்கில் அம்மோனியாவுக்கு இடமே இல்லை. அன்னா தைனின் ஜாடியில் கல்லிலும் பாசியிலும் ஒட்டிக்கொண்டு வந்த நுண்ணுயிர்கள் யாருக்கும் தெரியாமல் தங்கள் வேலையைச் செய்திருக்கவேண்டும்.

அம்மோனியா என்னவாகிறது என்பதற்கான விடை பிரான்சில், சாக்கடை நீரிலிருந்து கிடைத்தது. 1877இல் தியோஃபில் ஷ்லோசிங், அஷில் மூன்ட்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் மணலையும் சுண்ணாம்புக்கல்லையும் நிரப்பி, அதன் வழியே சாக்கடை நீரை மெல்லச் சொட்டவிட்டார்கள். முதலில் போன நீர் போனபடியே வெளியே வந்தது. சுமார் 20 நாள் கழித்து அம்மோனியா குறைந்து நைட்ரேட்டு தோன்றத் தொடங்கியது. வெறும் வேதிவினை என்றால் அது முதல் நாளே நடந்திருக்கவேண்டும். 20 நாள் காத்திருப்பானேன்? குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றுபோனது. ஆவியை நீக்கி, மண் கழுவிய நீரைச் சிறிது ஊற்றினார்கள். சில நாளில் மறுபடி தொடங்கியது. இது உயிரின் வேலை என்பது அப்படித்தான் நிரூபணமானது. புதுத் தொட்டி வைத்துவிட்டு இன்று ஒருவர் பொறுமையிழக்கும் நாட்களுக்கும் அந்த 20 நாளுக்கும் காரணம் ஒன்றே.

அந்த உயிர்களைத் தனியே பிரித்து வளர்த்தவர் அன்றைய ரஷ்யப் பேரரசின் கீவ் நகரில் பிறந்த செர்கேய் வினோகிராட்ஸ்கி. 1890இல் சூரிக் நகரில் அவர் கண்டது உயிரியலையே உலுக்கிவிட்டது. இந்த பாக்டீரியாக்களுக்குச் சர்க்கரையும் வேண்டாம், சூரிய ஒளியும் வேண்டாம். அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து அதில் வரும் சொற்ப ஆற்றலைக் கொண்டு, நீரில் கரைந்த கரியமில வாயுவிலிருந்தே தம் உடலைக் கட்டிக்கொள்ளும். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். வேறொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும்.

வரவு இவ்வளவு குறைவாக இருப்பதால் வளர்ச்சியும் மெதுவாகத்தான் இருக்கும். நல்ல உணவில் குடல் பாக்டீரியாவான ஈ. கோலை 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். அம்மோனியா தின்னும் இனம் இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். ஆயிரம் நுண்ணுயிர் நூறு கோடியாக வேண்டுமானால் 20 முறை இரட்டிக்கவேண்டும். ஈ. கோலைக்கு அது ஏழு மணி நேர வேலை; இவற்றுக்கு மூன்று வாரம். விளக்கு, விலை, பிராண்டு எதை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது.

எந்தெந்த நுண்ணுயிர் என்ற கேள்வியில் பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் தவறாகவே இருந்தன. நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்று நூறாண்டாக எழுதிவந்ததை நன்னீர் மீன்தொட்டி நுண்ணுயிர்களின் மரபணுக்களைச் சோதித்த டிமோதி ஹோவனெக், எட்வர்ட் டிலாங் குழு 1998இல் மறுத்தது. அங்கே வேலை செய்தது நைட்ரோஸ்பைரா என்ற வேறோர் இனம். இந்த டிலாங் 1992இலேயே இன்னொரு புதிரையும் எழுப்பியவர். கடல்நீரில் ஆர்க்கியா என்னும் தனிக்குலத்து நுண்ணுயிர்களின் மரபணு ஏராளமாகக் கிடைத்தது. அவை எதைத் தின்று வாழ்கின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. ஆய்வகத்தில் வளர்க்கவும் முடியவில்லை. புதிர் அவிழ்ந்தது 2005இல். மார்ட்டின் கொன்னெக்கே, டேவிட் ஸ்டால் முதலானோர் அத்தகைய ஆர்க்கியா ஒன்றைத் தனியே வளர்த்துக் காட்டினார்கள். அது அம்மோனியாவைத் தின்றது. பெருங்கடல்களில் நைட்ரஜன் சுழலும் விதத்தையே புதிதாக எழுதவைத்த அந்த உயிருக்கு நைட்ரோசோபுமிலஸ் மாரிடிமஸ் என்று பெயர். அதை அவர்கள் எடுத்தது அமெரிக்காவின் சியாட்டில் மீன்காட்சியகத்தில், வெப்பமண்டலக் கடல்மீன் தொட்டி ஒன்றின் அடிக்கற்களிலிருந்து.

வீட்டுத் தொட்டியை அமைப்பதிலும் இந்த நுண்ணுயிர்களின் வசதியே முதல் அளவுகோல். தொட்டி பெரிதானால் நல்லது. 200 லிட்டரில் ஒரு தவறு நடந்தால் நீர் அதை மெதுவாகக் காட்டும். 40 லிட்டரில் காட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 200 லிட்டர் தொட்டி கல்லும் மணலும் சேர்ந்து கால் டன்னைத் தாண்டும். அதனால் தரை சமமாகவும் தாங்குபலகை உறுதியாகவும் இருக்கவேண்டும். ஜன்னல் வெயில் படக்கூடாது.

உப்பைப் பற்றி நின்று பேசவேண்டும். தூத்துக்குடி உப்பு கிலோ சில ரூபாய்க்குக் கிடைக்கும்போது கடல் உப்பு என்று பை ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் ஏன் கொடுக்கவேண்டும் என்று கேட்காத ஆள் இல்லை. பதில் உப்பளத்திலேயே இருக்கிறது. பாத்தியில் நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்து பிரிந்துவிடும். பிறகு சோடியம் குளோரைடு பூக்கும். அதை வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரை வெளியே விட்டுவிடுவார்கள். மெக்னீசியமும் பொட்டாசியமும் அதோடு போய்விடும். நல்ல உப்பளக்காரரின் திறமையே மற்றவற்றைக் கழித்துச் சுத்தமான சோடியம் குளோரைடை எடுப்பதில் இருக்கிறது. கடலின் உப்பில் நூற்றுக்கு 85 பங்குதான் அது. மீதி 15 பங்கில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் இல்லாமல் பவளமோ நத்தையோ ஓடு கட்டமுடியாது. ஆகவே மீன்தொட்டிக்கென்று எல்லா அயனிகளையும் கடலின் விகிதத்தில் கலந்து விற்கும் உப்புதான் வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் 200 லிட்டருக்குச் சுமார் ஏழு கிலோ ஆகும். கரைத்து, பம்பு ஓடவிட்டு, ஒரு நாள் கழித்து ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் ஒப்படர்த்தி 1.025 அல்லது 1.026 காட்டவேண்டும்.

கரைக்கும் நீர் தூய்மையாக இருக்கவேண்டும். சமையலறை ஆர்.ஓ. நீர் போதும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் குடிநீர் இயந்திரங்கள் பல, சுவைக்காக உப்புகளைத் திரும்பச் சேர்த்தே நீரைத் தருகின்றன. டி.டி.எஸ். மீட்டரில் அது பெரும்பாலும் 50க்கு மேல் காட்டும். தொட்டிக்குத் தேவை பூஜ்யத்தை ஒட்டிய நீர். மீதி இருக்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிலிக்காவும் பாசிக்கு உரமாகும். இன்னொரு விதி: தொட்டியிலிருந்து ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கிறது. தினசரி குறையும் நீரை உப்பில்லாத தூய நீரால்தான் நிரப்பவேண்டும். உப்புநீரை ஊற்றிக்கொண்டே வந்தால் சில வாரத்தில் உவர்ப்பு எல்லை மீறிவிடும்.

அடுத்தது கல். 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த பாறையைத் தொட்டியில் வைத்துக் காற்றுக் குமிழி மட்டும் விட்டாலே பவளமும் மீனும் வாழும் என்று எழுதினார். உலகமெங்கும் 'லைவ் ராக்' பழக்கம் பரவ வழிசெய்தவர் அவர். பாறையின் மேற்பரப்பில் அம்மோனியா தின்னும் கூட்டம் வாழும். ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும் வேறு பாக்டீரியாக்கள் வாழும். முறை அருமையானதுதான். ஆனால் தமிழ்நாட்டில் அந்தப் பாறை எங்கிருந்து வரும்? ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றியுள்ள மன்னார் வளைகுடாப் பவளத்திட்டுகளிலிருந்து. சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் வெட்டப்பட்டு, கடல் சூடேறி வெளுத்து, மிச்சம் இருக்கும் திட்டுகள் அவை. 1986 முதல் அந்தப் பகுதி தேசியப் பூங்கா. பாறை கட்டும் பவளங்களும் கடல் விசிறியும் கடல் குதிரையும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பவளத்தைப் பெயர்ப்பதும் விற்பதும் குற்றம். யாராவது ரகசியமாகக் கொண்டுவந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடவேண்டும். துளைகள் நிறைந்த உலர்ந்த சுண்ணாம்புப் பாறையும் பீங்கான் வளையங்களும் அதே பாக்டீரியாக்களுக்கு வீடு தரும். என்ன, இன்னும் சில வாரம் கூடுதலாகும்.

கல், மணல், நீர், பம்பு எல்லாம் தயார். இனி தீனி.

பழைய கையேடுகள் சில, விலை குறைந்த டாம்சல் மீனை விட்டு அதன் கழிவால் தொட்டியைத் தொடங்கச் சொல்லும். செவுள் வெந்து துடிக்கும் ஓர் உயிரை வேதிப்பொருளுக்குப் பதிலாகப் பயன்படுத்துவது கொடுமை; தேவையும் இல்லை. தோலுரிக்காத பச்சை இறாலைப் போட்டு அழுகவிடுவது இன்னொரு வழி. பலிக்கும், ஆனால் எவ்வளவு அம்மோனியா வருகிறது என்பது கையில் இருக்காது, நாற்றமும் எடுக்கும். நல்ல வழி அம்மோனியம் குளோரைடு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரம்தான் இது. தொட்டிக்கு மட்டும் ஆய்வகத் தரத்தில் வாங்கவேண்டும். 200 லிட்டருக்குச் சுமார் ஒன்றரை கிராம் போட்டால் லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் அளவில் அம்மோனியா நிற்கும். அதிகம் போட்டால் சீக்கிரம் முடியும் என்று நினைக்கக்கூடாது. ஐந்து மில்லிகிராமைத் தாண்டினால் நைட்ரைட்டு தின்னும் கூட்டம் அந்த அம்மோனியாவாலேயே முடங்கிப்போகும்.

விதை எங்கிருந்து வரும்? ஆரோக்கியமான பழைய கடல்நீர்த் தொட்டி ஒன்றிலிருந்து கைப்பிடி பீங்கான் வளையம் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. பாட்டிலில் வரும் பாக்டீரியாவும் உதவும். வெயிலில் கிடந்த பாட்டிலாக இருக்கக்கூடாது, கடல்நீருக்கான இனமாக இருக்கவேண்டும்.

முதல் வாரம் அம்மோனியா அசையாது. பத்தாம் நாளை ஒட்டிக் குறையத் தொடங்கும், நைட்ரைட்டு ஏறும். அம்மோனியா பூஜ்யமானவுடன் பலர் மீன் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. நைட்ரைட்டு நன்னீர் மீனின் இரத்தத்தில் புகுந்து ஆக்சிஜன் சுமக்கும் சக்தியைக் கெடுத்துவிடும். கடல்நீரில் லிட்டருக்கு 19 கிராம் குளோரைடு இருக்கிறது. செவுளில் நைட்ரைட்டு நுழையும் வழியை அதுவே அடைத்துக்கொள்வதால் கடல்மீனுக்கு ஆபத்து மிகக் குறைவு. இருந்தாலும் நைட்ரைட்டு இறங்குவதைப் பார்க்கவேண்டும். இரண்டாவது கூட்டமும் குடியேறிவிட்டது என்பதற்கு அதுதான் சான்று. இடையிடையே அம்மோனியா தீர்ந்தால் சிறிது சேர்க்கவேண்டும். பட்டினி கிடந்தால் கூட்டம் வளராது.

இந்த நாட்களில் பம்பு நிற்கவே கூடாது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற நாலரை கிராமுக்கும் மேல் ஆக்சிஜன் செலவாகும். 25 டிகிரியில் கடல்நீர் ஒரு லிட்டர் பிடித்துவைக்கும் ஆக்சிஜனோ ஏழு மில்லிகிராம்கூட இல்லை. சென்னைக் கோடையில் தொட்டி 31, 32 டிகிரிக்குப் போனால் இன்னும் குறையும். மீன் வந்தபிறகு நீரை 25 முதல் 27 டிகிரிக்குள் வைக்கவேண்டும். அதற்குச் சில்லரோ குளிர்சாதன அறையோ தேவைப்படும்; செலவுக் கணக்கில் இதை முதலிலேயே எழுதிக்கொள்வது நல்லது. மின்சாரம் போனால் தானே இயங்கும் பேட்டரி ஏர் பம்பு சில நூறு ரூபாய்தான். மின்வெட்டு நேரும் ஊரில் அது இல்லாமல் கடல்நீர்த் தொட்டி வைக்கக்கூடாது. அம்மோனியா நைட்ரேட்டாகும் இந்த மாற்றம் நீரின் காரத்தன்மையையும் தின்றுகொண்டே போகும். சைக்கிள் பாதியில் நின்றதுபோல் தோன்றினால் அதையும் சோதிக்கவேண்டும்.

முடிந்ததா என்று அறிய ஒரே சோதனை. மறுபடி இரண்டு மில்லிகிராம் அம்மோனியா போட்டு, 24 மணி நேரம் கழித்து அளக்கவேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட்டு ஏறியிருக்கிறது என்றால் தொட்டி தயார். சேர்ந்துபோன நைட்ரேட்டைக் குறைக்கப் பாதிக்குமேல் நீரை மாற்றிவிடலாம். பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டிருப்பவை, நீரோடு போகா.

இதே சமயத்தில் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புப் படலம் பரவும். இது டயாட்டம் பாசி. நீரிலும் மணலிலும் உள்ள சிலிக்காவைக் கொண்டு வளர்ந்து, அது தீர்ந்ததும் தானே மறையும். தொட்டி கெட்டுவிட்டது என்று எல்லாவற்றையும் கழுவி முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு. ஒரு மாதம் வளர்த்த கூட்டத்தை அப்படிக் குழாய் நீரில் கொட்டிவிடவேண்டாம்.

முதல் மீனாகக் கோமாளி மீனே நல்ல தேர்வு. கடலில் அதற்குப் புகலிடமான கடல் சாமந்தி இல்லாமலும் தொட்டியில் அது வாழும். புதுத் தொட்டியில் சாமந்தி பிழைப்பது அரிது. இரண்டு சிறிய மீன்களாக வாங்கினால், ஆணாகவே வளரும் அவற்றில் பெரியது பின்னாளில் பெண்ணாக மாறி ஜோடியாகிவிடும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையத்திலும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த மீன் கண்ணாடிக்கும் காய்ந்த தீனிக்கும் பழகியது. அதற்காகத் திட்டில் ஒரு மீன் குறைவதில்லை. கடையில் விலை கேட்கும் முன் இது பொரிப்பகத்து மீனா, கடலில் பிடித்ததா என்று கேளுங்கள்.

இரண்டு மீனை விட்டபின் மூன்று வாரம் வேறெதுவும் சேர்க்காதீர்கள். தீனிக்கு ஏற்ற அளவில்தான் நுண்ணுயிர்க் கூட்டம் இருக்கும். புதிய வாய்கள் வந்தால் அது பெருக நாளாகும். முதல் வாரம் தினமும் அம்மோனியாவை அளந்து பாருங்கள். சிறிது தெரிந்தாலும் அன்றைய தீனியை நிறுத்திவிட்டு, தயாராகக் கலந்து வைத்த உப்புநீரால் கால்பங்கு நீரை மாற்றுங்கள்.